ஜன்னல் பக்கத்துக் கன்னம்

எங்கள் டிப்போவில் அவருக்கு "நிதானம்" என்று பெயர். வைத்தவன் நான்தான். இருபத்திரண்டு வருடம் பஸ் ஓட்டி ஒரு சைக்கிளைக்கூட உரசாத மனிதரை வேறு என்னவென்று கூப்பிடுவது? மஞ்சள் விளக்கு விழுந்தாலே நிறுத்திவிடுவார். பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடித்துக் காதைக் கிழிப்பார்கள். இவர் அலட்டிக்கொள்ளாமல் உட்கார்ந்திருப்பார். அந்த பஸ்ஸில் பன்னிரண்டு வருடமாக நான்தான் கண்டக்டர். எனக்கு "விசில்" என்று பெயர். என் வாய் ஓயாது என்று அவர் வைத்தது.

போதாக்குறைக்கு அவர் எனக்குச் சகலை. அக்காவை அவர் கட்டினார், தங்கையை நான் கட்டினேன். மேல் மாடியில் அவர் குடும்பம், கீழே என் குடும்பம். பகல் முழுக்க பஸ்ஸில் அவர் முகம், மாலையில் மாடிப்படியில் அதே முகம். அவர் மனைவி பார்த்ததைவிட அந்த முகத்தை நான்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இந்தக் கதையைச் சொல்ல எனக்கு இவ்வளவு கூச்சமாக இருக்கிறது.

அந்த முகத்தில் இரண்டு கன்னமும் ஒரே வயது இல்லை. இடது கன்னம் ஐம்பதை நெருங்குகிற ஒரு சாதாரண மனிதருடையது. வலது கன்னம், அதாவது ஓட்டுநர் இருக்கையில் ஜன்னலை ஒட்டி இருக்கும் கன்னம், அவரைவிடப் பத்து வயது மூத்தது. கறுத்து, தடித்து, கோடு கோடாக இருக்கும். எங்கள் டிப்போவில் நாள்பட்ட டிரைவர்கள் எல்லோருக்கும் இப்படித்தான். புழுக்கம் தாங்காமல் ஜன்னலைத் திறந்தே ஓட்டுவார்கள், வெயில் நாள் பூராவும் ஒரே பக்கம் காயும். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

அப்படிப்பட்ட மனிதர் திடீரென்று ஒருநாள் முகத்துக்கு க்ரீம் பூச ஆரம்பித்தார்.

காரணம் அவர் மகள் என்று வீட்டில் எல்லோரும் நினைத்தோம். அவள் ஒரு பெரிய கடையில் முகப்பூச்சு விற்கும் பிரிவில் வேலை பார்க்கிறாள். "அப்பா, சோப்பைப் போட்டுத் தேய்க்காதீங்கப்பா, தோல் வறண்டு போகுது" என்று ஒரு வருடமாகக் கத்திக்கொண்டிருந்தாள். அவர் காதில் போட்டுக்கொண்டதே இல்லை. ஒருநாள் அவராகவே அவளிடம் போய், "அம்மா, முகத்துக்கு என்னவெல்லாம் செய்யணும்னு எழுதிக் குடு" என்று கேட்டிருக்கிறார். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. அட்டையில் கொட்டை எழுத்தில் மூன்றே வரி எழுதி, குளியலறைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டாள். காலையும் மாலையும் மென்மையான ஃபேஸ் வாஷ் போட்டு, தேய்க்காமல் கழுவ வேண்டும். ஈரம் முழுசாகக் காய்வதற்குள் மாய்ஸ்சரைசர் பூச வேண்டும். வெளியே கிளம்பும் முன் சன்ஸ்கிரீன், இரண்டு விரல் நீளத்துக்கு எடுத்து, காது, கழுத்து உட்பட. அதற்குக் கீழே சிவப்பு மையில், "ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை மறுபடியும்!!!" என்று மூன்று ஆச்சரியக்குறி.

மனிதர் அதையும் நிதானமாகத்தான் செய்தார். கடைசி நிறுத்தத்தில் பஸ்ஸை ஓரங்கட்டியதும் பையிலிருந்து ட்யூபை எடுப்பார். ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் கோடு இழுப்பார். மேலே இருக்கும் கண்ணாடியைப் பார்த்து, இன்ஜினுக்கு ஆயில் அளக்கிற மாதிரி கவனமாகப் பூசுவார். என் வாய் சும்மா இருக்குமா?

"கொஞ்சம் பொறுங்க, பஸ் கிளம்பாது. மாப்பிள்ளைக்கு அலங்காரம் முடியல!" என்று விசிலை ஊதுவேன்.

பஸ்ஸே சிரிக்கும். "டிரைவர் சார், எங்களுக்கும் கொஞ்சம் குடுங்க" என்று பின் சீட்டிலிருந்து குரல் வரும். அவரும் சிரிப்பார். ஆனால் வலது கன்னத்தைக் கையால் மறைத்துக்கொண்டு சிரிப்பார். நான் அதைக் கவனித்தேன். வெட்கப்படுகிறார் என்று நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஒருநாள் மதியம் டிப்போ குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தார். நான் பின்னாலிருந்து துண்டைப் பிடுங்கினேன், விளையாட்டுக்குத்தான். துண்டில் ரத்தம். நூல் இழுத்த மாதிரி ஒரு கோடு.

"என்னண்ணே இது?"

"ஒண்ணுமில்ல. குடு இப்படி."

நான் கொடுக்கவில்லை. அவர் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினேன். கண்ணுக்குக் கீழே, ஒன்றரை விரல் தள்ளி, உளுந்து அளவுக்கு ஒரு புண். ஓரம் வழவழவென்று மேடாக, நடுவில் குழி. பூசியிருந்த க்ரீமெல்லாம் கழுவிப்போனதால் பளிச்சென்று தெரிந்தது.

"எத்தனை நாளா இருக்கு?"

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். "நாலு மாசம் இருக்கும். பொருக்கு கட்டுது, விழுது, மறுபடியும் கட்டுது. ஆற மாட்டேங்குது."

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. இவர் அழகுக்காகப் பூசவில்லை. பயத்தில் பூசிக்கொண்டிருக்கிறார். மகள் சொன்ன மூன்றோடு இவராக நான்காவது ஒன்றையும் சேர்த்திருந்தார். டீசல் புகையும் தூசியும் உள்ளே போய்த் தங்கிவிட்டது, அழுக்கு போனால் புண் ஆறிவிடும் என்று அவராக ஒரு கணக்கு. சொரசொரவென்று மணல் மாதிரி இருக்கும் ஸ்க்ரப் வாங்கி, வீட்டுக்குத் தெரியாமல் டிப்போவில் வைத்துத் தினமும் அந்தப் பொருக்கைத் தேய்த்துப் பிய்த்துக்கொண்டிருந்திருக்கிறார். ஆறிக்கொண்டிருந்தால்கூட ஆற விட்டிருக்கமாட்டார்.

"ஆஸ்பத்திரிக்குப் போலாம்ணே. இன்னைக்கே."

"போனா என்ன சொல்வாங்கன்னு உனக்குத் தெரியாதா?" அவர் குரல் நடுங்கியது. அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. "ஏழாம் நம்பர் ஓட்டினாரே பெரியவர், அவரும் கன்னத்துல ஏதோ புள்ளின்னுதான் போனாரு. அறுத்து, கட்டுப் போட்டு, கண்ணு சரியா மூடலன்னு ஸ்டியரிங்கைப் பிடுங்கிட்டாங்க. இப்ப ஷெட்டுல உட்கார்ந்து டயர் எண்ணிக்கிட்டு இருக்காரு. டயர்டா! எனக்கு வண்டி ஓட்டுறதைத் தவிர வேற என்ன தெரியும்?"

"அதுக்காக..."

"வீட்டுல மூச்சு விட்டேன்னா உன்கூடப் பேச்சே கிடையாது."

துண்டைத் திருப்பிக் கொடுத்து, தலையாட்டிவிட்டு வந்தேன். ஒரு மாதம் பார்ப்போம், க்ரீம் பூசுகிறாரே, ஆறினாலும் ஆறும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவரிடமிருந்து அந்தப் பயம் எனக்கும் தொற்றிக்கொண்டது என்பதுதான் உண்மை.

அடுத்த மாதமே ஓட்டுநர்களுக்கான வருடாந்திர மருத்துவப் பரிசோதனை வந்தது. கண், காது, ரத்த அழுத்தம், அவ்வளவுதான். எங்கள் டிப்போவில் அதற்கென்று ஒரு வழக்கம் உண்டு. டிரைவர் உள்ளே போகும்போது அவருடைய கண்டக்டரும் துணைக்குப் போவார். காது மந்தமானவருக்கு டாக்டரின் கேள்வியைச் சத்தமாகத் திருப்பிச் சொல்வது, ரத்தக் கொதிப்புக்காரருக்கு முதல்நாளே உப்பைக் குறைக்கச் சொல்வது என்று எப்படியாவது ஆளைக் கரையேற்றிவிடுவோம். டிரைவர் போனால் ஜோடி உடையும். புது டிரைவரோடு மல்லுக்கட்ட எந்தக் கண்டக்டருக்கும் பிடிக்காது. அதை நாங்கள் தப்பென்று நினைத்ததே இல்லை. ஒற்றுமை என்று நினைத்தோம்.

சகலை புண்ணின் மேல் சின்னதாக ஒரு பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு வந்தார். டாக்டர் கண் பரிசோதனையை முடித்துவிட்டு, பேனாவால் பிளாஸ்டரைக் காட்டினார்.

"இது என்ன?"

சகலை வாயைத் திறந்தார். உடனே மூடிக்கொண்டு என் கையை இறுகப் பிடித்தார்.

"ஷேவ் பண்ணும்போது வெட்டிடுச்சு சார்" என்றேன் நான். "இப்பல்லாம் இவர் முகத்தைக் கவனிக்கிற கவனிப்பு இருக்கே, தினம் ரெண்டு வாட்டி ஷேவிங், மூணு வாட்டி க்ரீம். சினிமாவுல சேரப்போறாரு போல!"

டாக்டர் சிரித்தார். கையெழுத்துப் போட்டார். வெளியே வந்ததும் சகலை என் தோளைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். அவர் கண்ணில் தண்ணீர். "உன்னை மாதிரி ஒருத்தன் எவனுக்கும் வாய்க்க மாட்டான்டா" என்றார். நானும் மார் நிமிர்த்தித்தான் நடந்தேன்.

அதற்குப் பிறகு பதினோரு மாதம் ஓடியது.

அந்தப் பதினோரு மாதத்தை எப்படிச் சொல்வது? புண் மேலே ஏறியது. உளுந்தளவு இருந்தது அவரை விதை அளவானது, பிறகு ஓரம் கண் இமையை நோக்கி நீண்டது. அவர் ட்யூபை மாற்றி மாற்றி வாங்கினார். விலை கூடினால் குணமும் கூடும் என்று நம்பினார். பிளாஸ்டரின் அளவும் கூடியது. வீட்டில் கேட்டால், "க்ரீம் ஒத்துக்கல, கொப்பளிச்சுருச்சு" என்றார். மகள் பாவம், தான் கொடுத்ததுதான் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து, அழுதுகொண்டே வேறு வேறு ட்யூபாக எடுத்துவந்து கொடுத்தாள். பஸ் சிக்னலில் நிற்கும்போதெல்லாம் அவர் கை தானாகக் கன்னத்துக்குப் போகும். தொட்டுப் பார்த்து, விரலைப் பார்ப்பார். ரத்தம் இருக்கிறதா என்று நானும் எட்டிப் பார்ப்பேன். நான் கேலி பேசுவது நின்றுபோனது. "என்ன கண்டக்டர், உடம்பு சரியில்லையா?" என்று பயணிகள் கேட்டார்கள். எங்கள் இரண்டு பேருக்குள்ளும் அந்தப் பேச்சே கிடையாது. வாயைத் திறந்தால் அது உண்மையாகிவிடும் என்ற மாதிரி இருந்தது.

கடைசியில் கண்டுபிடித்தவள் மகள்தான். புது ட்யூப் ஒத்துக்கொள்கிறதா என்று பார்க்க வேண்டும் என்று சொல்லி, ஒரு விடுமுறை நாளில் அப்பாவைப் பிடிவாதமாகத் தன் கடைக்கு இழுத்துப் போயிருக்கிறாள். அங்கே வெள்ளை விளக்கு சுற்றி எரியும் பெரிய கண்ணாடி ஒன்று உண்டு. அதன் முன் உட்காரவைத்து, அவர் தடுப்பதற்குள் பிளாஸ்டரை உரித்திருக்கிறாள்.

எனக்கு போன் வந்தது. "சித்தப்பா..." அவளுக்கு மூச்சு வாங்கியது. "அப்பா முகத்துல இருக்கிறது உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா? ஒரே வார்த்தை சொல்லுங்க."

"தெரியும்மா."

போனை வைத்துவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் புண்ணின் ஓரத்தில் துளி சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். பத்து நாள் காத்திருக்கச் சொன்னார்கள். அந்தப் பத்து நாளும் மேல் மாடியில் அடுப்பு எரிந்ததாகத் தெரியவில்லை. என் மனைவிதான் சமைத்துத் தூக்கிக்கொண்டு போவாள். நான் படியில் பாதி ஏறிவிட்டுத் திரும்பி வந்துவிடுவேன்.

பதினோராம் நாள் டாக்டரம்மா உட்காரச் சொன்னார். சகலை, மகள், நான். தோலில் வரும் புற்றுநோய் என்றார். மகள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். மெதுவாகப் பரவுகிற வகை, பெரும்பாலும் உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் இருக்கிற இடத்தைத் தின்றுகொண்டே போகும் என்றார். கீழ் இமையில் பாதியைத் தொட்டுவிட்டது, அதையும் சேர்த்துத்தான் அறுக்க வேண்டும், காதுக்குப் பின்னாலிருந்து தோல் எடுத்து ஒட்டலாம் என்றார்.

"சன்ஸ்கிரீன் விடாமப் போட்டேனே டாக்டர்" என்றார் சகலை, சின்னப் பிள்ளை மாதிரி.

"அது வராம தடுக்கத்தான் உதவும். வந்த பிறகு எந்தக் க்ரீமைப் பூசினாலும் அதை மறைக்கத்தான் முடியும்." அவர் தாளைப் புரட்டினார். "ஒரு வருஷம் முன்னாடி வந்திருந்தா ரெண்டு தையலோட போயிருக்கும். இமையைத் தொட வேண்டிய அவசியமே இருந்திருக்காது. போன வருஷம் மெடிக்கல் செக்அப் இருந்திருக்குமே? யாரும் கேட்கலையா?"

சகலை என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பி ஒரு முறை முறைத்திருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

அறுவை சிகிச்சை முடிந்தது. கண் பிழைத்தது. பார்வையில் குறை இல்லை. ஆனால் கீழ் இமை கொஞ்சம் இழுத்துக்கொண்டு நிற்கிறது, கன்னத்தில் வேறு நிறத்தில் ஒட்டுத்துணி மாதிரி ஒரு தோல். வேலையில் அவரை ஷெட்டுக்கு மாற்றினார்கள். ஆறு மாதம் கழித்து மருத்துவக் குழு பார்க்கும், அவர்கள் சரி என்றால் மறுபடியும் ஸ்டியரிங் என்றார்கள். அதுவரை டயர்.

தையல் ஆறியதும் மகள் புதிதாக ஓர் அட்டை எழுதினாள். வரிகள் பழையவைதான், கடைசியில் ஒன்று கூடியிருந்தது: "தினமும் நல்ல வெளிச்சத்தில் முகம் முழுக்கப் பார்க்கணும்." அங்கேதான் சிக்கல். அவர் கண்ணாடி பார்க்க மறுத்தார். தடவித் தடவியே ஷேவ் செய்தார். அவர் மனைவிக்குக் கணவன் கன்னத்தைத் தொட்டாலே அழுகை வந்துவிடும். மகள் விடிந்ததும் வேலைக்கு ஓட வேண்டும். என்னோடு அவள் அப்போதும் சரியாகப் பேசுவதில்லை. ஒருநாள் படியில் நின்று ட்யூபை என் கையில் திணித்தாள்.

"நீங்க செய்யுங்க" என்றாள். "உங்களுக்குத்தான் அப்பா முகம் நல்லாத் தெரியும்."

அன்றிலிருந்து தினமும் டியூட்டிக்கு முன்னால் மேலே போனேன். அவரை ஜன்னலோரம் நாற்காலியில் உட்காரவைப்பேன். கழுவிய முகத்தை ஒற்றியெடுத்து, மாய்ஸ்சரைசர், பிறகு சன்ஸ்கிரீன். ஒட்டிய தோலின் மேல் விரல் போகும்போது எனக்கு உடம்பெல்லாம் கூசும், பயத்தில்தான். அவர் கண்ணை மூடிக்கொண்டு தினமும் ஒரே கேள்வியைக் கேட்பார்.

"எப்படி இருக்கு?"

"நல்லாருக்குண்ணே. புதுசா ஒண்ணுமில்ல."

அது உண்மைதான். ஆனாலும் என் வாயிலிருந்து வரும்போது எனக்கே நம்பிக்கை வராது. ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன். "அண்ணே, அன்னைக்கு அந்த டாக்டர்கிட்ட நான் வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா..."

அவர் கண்ணைத் திறக்காமலே சொன்னார். "அன்னைக்கு உன்னைக் கும்பிடணும் போல இருந்துச்சுடா. அவ்வளவு நன்றி. இப்ப அதை நினைச்சாத்தான் வயிறு எரியுது."

நான் மீதி க்ரீமைக் கழுத்தில் பூசிவிட்டுக் கீழே வந்தேன். அன்று முழுக்க டிக்கெட்டைத் தப்புத் தப்பாகக் கிழித்தேன்.

போன வாரம் மருத்துவக் குழுவின் கடிதம் வந்தது. திங்கட்கிழமை வரச் சொல்லி. அவர் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். ஆறு மாதத்தில் முதல் தடவையாக யூனிஃபார்மை எடுத்து இஸ்திரி போட்டார். அவர் மனைவி ரேடியோவை வைத்தார். வீட்டில் பழைய சத்தமெல்லாம் வந்துவிட்டது.

வியாழக்கிழமை காலை. நல்ல வெயில். கன்னத்தில் க்ரீமைப் பாதி பூசியிருந்தேன். மூக்கை ஒட்டி, ஒட்டுத்தோல் முடிகிற தையல் ஓரத்தில், என் விரல் எதன் மேலோ ஏறி இறங்கியது. துடைத்துவிட்டுக் குனிந்து பார்த்தேன். ஒரு மணி. கடுகளவு. வழவழப்பாக, லேசான பளபளப்போடு. விரலால் அழுத்தினேன், போகவில்லை. நேற்று அது அங்கே இல்லை. இல்லை என்று சத்தியம் செய்வேன். ஒருவேளை இருந்து நான்தான் பார்க்கவில்லையோ?

திங்கட்கிழமைக்கு நான்கே நாள். குழு பார்க்கப்போவது கண்ணைத்தான். கடுகை யார் பார்க்கப்போகிறார்கள்? வெறும் பருவாகக்கூட இருக்கலாம். திங்கட்கிழமை போகட்டும், செவ்வாய்க்கிழமை சொல்லிக்கொள்ளலாம். இத்தனையும் ஒரு நொடியில் என் மண்டைக்குள் ஓடியது. வாயில் பொய்கூடத் தயாராக வந்து நின்றது.

"ஏன்டா கை நின்னுடுச்சு? எப்படி இருக்கு?"

"அண்ணே." ட்யூபைக் கீழே வைத்தேன். "மூக்கோரம் ஒண்ணு இருக்கு. கடுகளவு. புதுசு."

அவர் அசையவில்லை. மூடிய இமைக்குள் கண் உருளுவது தெரிந்தது. இழுத்துக்கொண்ட அந்தக் கீழ் இமையின் ஓரத்தில் தண்ணீர் கோத்துக்கொண்டு நின்றது. என் மணிக்கட்டைப் பிடித்தார். எலும்பு வலித்தது.

"திங்கக்கிழமை மெடிக்கல் போர்டு இருக்குடா."

"தெரியும்ணே."

"தெரிஞ்சுமா சொன்ன?"

"தெரிஞ்சுதான் சொன்னேன்."

உள்ளே ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது. திட்டுவார், தள்ளிவிடுவார் என்று காத்திருந்தேன். அவர் மூச்சை இழுத்து, முகத்தை ஜன்னல் பக்கம் நன்றாகத் தூக்கிக் காட்டினார்.

"இன்னொரு தடவை பாரு. சரியாப் பார்த்துச் சொல்லு."

பார்த்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

"இருக்குண்ணே" என்றேன்.

அவர் என் கையை விட்டார். பாதிக் கன்னத்தில் வெள்ளையாக க்ரீம் அப்படியே இருக்க, நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"சட்டையை எடு" என்றார். "ஆஸ்பத்திரிக்குப் போவோம்."